எலிக்கு கஞ்சா பிடிக்குதா பிடிக்கலையா: இந்த ஆய்வுகள எப்படி படிக்கணும்

"கஞ்சா அடிமையாக்கும், எலில நிரூபிச்சாச்சு"னு ஒரு வாரம் செய்தி வரும், அடுத்த வாரமே "எலிங்களுக்கு கஞ்சா பிடிக்கவே இல்ல"னு இன்னொன்னு வரும், பாத்தா ரெண்டுமே நல்ல ஜர்னல்ல வந்த பேப்பராத்தான் இருக்கும். யாரும் பொய் சொல்லல, பெரும்பாலும் டோஸ்தான் வேற. அதனால பேப்பர் கைக்கு வந்ததும் தலைப்பையும் முடிவையும் அப்புறம் பாத்துக்கலாம், நேரா சோதனைய எப்படி பண்ணாங்கனு சொல்ற மெத்தட்ஸ் பகுதிக்கு போய், உடம்பு எடைல கிலோவுக்கு எத்தன மில்லிகிராம் டிஹெச்சி (கஞ்சாவுல போதை தர்ற பொருள், THC) குடுத்தாங்கனு மொதல்ல தேடுங்க.

அதுக்கு முன்னாடி, எலிக்கு மருந்து பிடிச்சிருக்கானு பாக்க பயன்படுத்தற பெட்டி எப்படி வேல செய்யுதுனு தெரிஞ்சிருக்கணும். ரெண்டு அறை, ஒண்ணுல கம்பித் தரை, இன்னொண்ணுல வழவழப்பான தரை, சுவரோட நிறமும் வேற. ஒரு நாள் டிஹெச்சி ஊசி போட்டு ஒரு அறைல அடைச்சு வைப்பாங்க, அடுத்த நாள் வெறும் கரைசல போட்டு மத்த அறைல, இப்படி மாத்தி மாத்தி சில நாள் போகும். கடைசி நாள் மருந்தே கிடையாது, நடுக்கதவ தொறந்து விட்டுட்டு எலி எங்க அதிக நேரம் இருக்குனு கணக்கு எடுப்பாங்க. மருந்து போட்ட அறைய தேடிப் போனா அந்த அனுபவம் அதுக்கு பிடிச்சிருக்கு, ஒதுங்கிப் போனா பிடிக்கல. இங்க ரெண்டு விஷயம் பாருங்க. டிஹெச்சி தண்ணில கரையாது, ஆல்கஹாலோ வேற ஏதாவது சேர்மானமோ போட்டுத்தான் கரைப்பாங்க, அதே கரைசல டிஹெச்சி இல்லாம இன்னொரு குழுவுக்கு குடுத்து பாத்தாங்களானு பாருங்க. அப்புறம், எலிக்கு மொதல்லயே பிடிக்காம இருந்த அறைலயே எப்பவும் மருந்த குடுத்திருந்தா, கடைசில அது அங்க போனது மருந்து இனிச்சதாலயா, இல்ல அந்த அறை மேல இருந்த பயம் கொறஞ்சதாலயானு பிரிச்சு சொல்ல முடியாது. இத நெறைய பேர் கவனிக்கறதே இல்ல.

இப்ப டோஸ். 1995ல லெப்போர் குழு எலில பண்ண ஆய்வ கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கணும். கிலோவுக்கு 2, 4 மில்லிகிராம் குடுத்தப்போ எலிங்க அந்த அறைய விரும்புச்சு, 1 மில்லிகிராம்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய மட்டும் கூட்டினாங்க, எல்லாமே தலைகீழா ஆயிடுச்சு, 1 மில்லிகிராம்ல விருப்பம், 2லயும் 4லயும் வெறுப்பு! டிஹெச்சி கொழுப்புல போய் தங்கி மெதுவாத்தான் வெளிய வரும், இடைவெளி கம்மியா இருந்தா முந்தின ஊசியோட மிச்சமும் இன்னைக்கு கணக்குல சேர்ந்துக்கும். அதனால டோஸ பாக்கறப்பவே எத்தன மணி நேரத்துக்கு ஒரு தடவன்னும் சேத்து பாருங்க, ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணு படிச்சா அர்த்தமே இல்ல.

அடுத்து பாக்க வேண்டியது அந்த விலங்குக்கு இதுதான் முதல் அனுபவமானு. வால்ஜான், மால்டொனாடோ ரெண்டு பேரும் 2000ல சுண்டெலில பாத்தாங்க. முதல் தடவையா டிஹெச்சி ஊசி போட்டுக்கற சுண்டெலிக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம் வெறுப்பா போச்சு. முந்தின நாளே அதோட சொந்தக் கூண்டுல ஒரு ஊசி போட்டுட்டு ஆரம்பிச்சா அந்த வெறுப்பு காணோம், 1 மில்லிகிராம்ல விருப்பமே வந்துச்சு. ஒரே ஒரு ஊசி செய்யற வேல இது!

உள்ள என்ன நடக்குதுங்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. 2002ல காஸ்லாண்ட் குழு மரபணு மாத்தின சுண்டெலிய வச்சு பாத்தப்போ, மியூ ஓபியாய்டு ஏற்பி (மார்ஃபின் மாதிரி பொருள் வந்து ஒட்டற செல் புரதம்) இல்லாததுக்கு டிஹெச்சி மேல விருப்பம் வரல, அதே குடும்பத்து கப்பா ஏற்பி இல்லாததுக்கு வெறுப்பு வரல. அதாவது விருப்பும் வெறுப்பும் ஒரே கோட்டோட ரெண்டு முனை கெடையாது, ரெண்டு தனித்தனி வழி ஒரே மருந்தால கிளம்புது, எது ஜெயிக்குதோ அதத்தான் கடைசி நாள் பெட்டில நாம பாக்கறோம். "எந்த விளைவும் இல்ல"னு ஒரு பேப்பர் சொன்னா ரெண்டும் சமமா இழுத்துக்கிட்டு நிக்கற டோஸாவும் அது இருக்கலாம், ஞாபகம் வச்சுக்கோங்க.

தானே பட்டன அழுத்தி மருந்து எடுத்துக்கற சோதனை வேற கத. எலிங்க டிஹெச்சிக்காக அழுத்தறத காட்டவே பல வருஷமா கஷ்டப்பட்டாங்க, 2000ல டாண்டா குழு அணில் குரங்குல காட்டினாங்க, ரத்தக் குழாய் வழியா ஒரு தடவைக்கு கிலோவுக்கு 2லேர்ந்து 4 மைக்ரோகிராம்தான், மில்லிகிராம் இல்ல. அந்த குரங்குங்க ஏற்கனவே கோகெயினுக்கு பழகினதுங்கற ஆட்சேபம் வந்துச்சு, 2003ல எந்த மருந்தும் பாக்காத குரங்குலயும் அதே நடந்துச்சு.

கடைசியா, எலி டோஸ அப்படியே மனுஷனோட எடையால பெருக்காதீங்க. பொதுவா பயன்படுத்தற உடல் பரப்பு கணக்குப்படி சுண்டெலி டோஸ 12.3ஆலயும் எலி டோஸ 6.2ஆலயும் வகுக்கணும், சுண்டெலிக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம்னா 60 கிலோ ஆளுக்கு சுமார் 24 மில்லிகிராம், 300 இல்ல. அதுவும் தோராயம்தான், ஏன்னா இந்த சோதனைகள்ல பெரும்பாலும் வயித்துல ஊசி போடறாங்க, மனுஷங்க புகைக்கறப்போ சில நிமிஷத்துலயே மூளைக்கு போயிடும், சாப்பிட்டா ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல கூட ஆகும்.