எகிப்திய முறையில் கல்லை அரைத்து வண்ணம் செய்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் இருக்கும் வண்ணம், இன்று டியூபிலிருந்து பிதுக்கும் வண்ணம்போல வழுவழுப்பானது அல்ல. கிட்டே போய்ப் பார்த்தால் நீலப் பகுதிகளில் துகள் நறநறவென்று தெரியும். பளபளப்பு கிடையாது. ஈரத்துணி பட்டால் கரைந்து வரும். இவற்றையெல்லாம் குறை என்று நினைத்துச் சரிசெய்யப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முக்கியமான தவறு, எல்லாக் கல்லையும் ஒரே மாதிரி நைசாக அரைப்பது. காவிக்கல்லுக்கு அது சரி. அது இரும்பு ஆக்சைடு. எவ்வளவு அரைத்தாலும் நிறம் போகாது, இன்னும் நன்றாகவே பிடிக்கும். பச்சைக்கல்லான மாலகைட், நீலக்கல்லான அசுரைட், சூளையில் சுட்டுச் செய்யும் எகிப்திய நீலம் மூன்றும் இதற்கு நேர்மாறு. துகள் சிறுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாமல் மேலேயே சிதறிவிடும், நிறம் வெளுத்துப்போகும். கரும்பச்சையாக இருந்த மாலகைட்டை மாவாக அரைத்துவிட்டால் கையில் மிஞ்சுவது சோகை பிடித்த ஒரு பச்சை. அதைத் திரும்ப அடர்த்தியாக்க வழியே இல்லை. கொஞ்சம் அரைத்ததும் பிசின் தண்ணீர் விட்டுக் காகிதத்தில் தடவிப் பாருங்கள். நிறம் பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எகிப்திய ஓவியர்கள் இந்தக் குணத்தைத் தங்களுக்கு வசதியாகவே பயன்படுத்தினார்கள்: அதே நீலக்கட்டியைக் கரகரப்பாக அரைத்தால் அடர்நீலம், நைசாக அரைத்தால் வெளிர்நீலம்.

மஞ்சள் காவியில் வேறொரு வம்பு. அதைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை இன்னொரு பாத்திரத்தில் இறுத்துத் தெளியவிட்டு வண்டலை எடுப்பார்கள். அதுவரை சரி. அவசரத்துக்கு அடுப்பில் வைத்து உலர்த்தினால், 300 டிகிரியை நெருங்கும்போது மஞ்சள் சிவப்பாகிவிடும். சிவப்பு வேண்டுமென்றால் தாராளமாக வறுக்கலாம். மஞ்சளே வேண்டுமென்றால் வெயில் போதும்.

நீலத்துக்காக வைடூரியக் கற்களோடு விற்கும் லாபிஸ் லசுலியை வாங்கி அரைப்பவர்கள் உண்டு. எகிப்தில் அந்தக் கல் நகைக்கும் பதிப்பு வேலைக்கும் போனது, சுவர் ஓவியத்துக்கு அல்ல. சுவரில் இருக்கும் நீலம் சூளையில் சுட்டது: குவார்ட்ஸ் மணல், சுண்ணாம்புக்கல், செம்பு, கொஞ்சம் நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்பு அல்லது தாவரச் சாம்பல். கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதன் செய்முறையை எழுதியபோது மணல், நேட்ரான், செம்புத்தூள் மூன்றை மட்டும் சொன்னார், சுண்ணாம்பு விட்டுப்போயிற்று. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலாக இருந்தால் சுண்ணாம்பு தானாகவே வந்து சேர்ந்துவிடும். கடையில் சுத்தமான குவார்ட்ஸ் பொடி வாங்கி, அவர் சொன்னபடியே சுடுகிறவருக்கு நீலம் கிடைக்காது. வெப்பமும் 850 முதல் 1000 டிகிரி செல்சியஸுக்குள் பல மணி நேரம் நிற்க வேண்டும். ரொம்ப ஏறினால் நீலப் படிகம் சிதைந்து பச்சைக் கண்ணாடியாகிவிடும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மட்பாண்டச் சூளை கையில் இல்லாதவர்கள் நீலப்பொடியை விலைக்கு வாங்கிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

அப்புறம் பிசின். எகிப்தியர் வேலம்பிசினையும் விலங்குப் பசையையும் பயன்படுத்தினார்கள். 1904-இல் கண்டுபிடிக்கப்பட்ட அரசி நெஃபர்தாரியின் கல்லறையிலும் வண்ணங்களைப் பிடித்துவைத்திருப்பது வேலம்பிசின்தான். நைல் கரையில் வளரும் அந்த மரமும் நம் ஊர்க் கருவேலமும் ஒரே இனம். ஆனால் நாட்டு மருந்துக்கடையில் வெறுமனே "பிசின்" என்று கேட்டால் பாதாம் பிசினைக் கொடுத்துவிடக்கூடும். ஜிகர்தண்டாவில் போடுகிற அது ஊறி உப்புமே தவிர கரையாது, வண்ணத்தைப் பிடிக்காது. கருவேலம்பிசின் என்று சொல்லிக் கேளுங்கள்; வெள்ளைக்கும் நீலத்துக்கும் நிறம் வெளுத்த கட்டிகளாகப் பொறுக்குங்கள். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு ராத்திரி ஊறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். பிசின் அதிகமானால் காய்ந்ததும் மினுங்கி வெடிக்கும், குறைந்தால் விரலில் பொடியாக ஒட்டும்.

இந்தத் தண்ணீர் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் சிலர் வினிகர் சேர்க்கிறார்கள். மாலகைட்டும் அசுரைட்டும் செம்புக் கார்பனேட். வெள்ளைக்குப் போடும் சுண்ணாம்புத்தூளும் கார்பனேட்தான். அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைய ஆரம்பிக்கும். கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதைவிட, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குவது நல்லது.

எகிப்தியரின் பளீர் மஞ்சள் தாளகம், ஆரஞ்சு மனோசிலை. இரண்டுமே ஆர்சனிக் சல்ஃபைடு, விஷம். பழைய முறையை அப்படியே செய்து பார்க்கிறேன் என்று இவற்றை வீட்டில் அரைக்காதீர்கள். போதாக்குறைக்கு, மனோசிலை வெளிச்சத்தில் மஞ்சளாக மாறிவிடும். இவ்வளவு ஆபத்துக்கு அது தகுதியே இல்லை. மற்றக் கற்களை அரைக்கும்போதும் தண்ணீர் விட்டே அரையுங்கள், தூசி மூச்சில் போகக் கூடாது. சமையல் அம்மியும் மிக்ஸியும் வேண்டாம். இரும்பு உரலும் வேண்டாம், துரு வெள்ளையைக் கெடுக்கும்.

சுவரிலோ பலகையிலோ பூசும்போது ஈரக்காரையில் தீட்டினால் அது எகிப்திய முறை ஆகாது. அவர்கள் காய்ந்த காரையின்மேல்தான் தீட்டினார்கள். புதுக்காரை பிசினை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் மெல்லிய பிசின் தண்ணீரை ஒரு கை பூசிக் காயவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்பார்கள். எகிப்தியச் சவப்பெட்டிகள் சிலவற்றில் பிஸ்தா இனத்து மரப்பிசினை வார்னிஷாகப் பூசியிருக்கிறார்கள். அது பழுத்து மஞ்சளாகி, அடியில் இருக்கும் நீலம் இன்று பச்சையாகத் தெரிகிறது.