சி.ஏ. இன்டர்: படித்ததைத் தாளில் இறக்கும் வழி

சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் (சி.ஏ.) படிப்பில் ஃபைனலுக்கு முந்தைய கட்டம் இன்டர். 2014 நவம்பரில் அதன் முதல் குரூப் எழுதினேன். அப்போது அந்தக் குரூப்புக்கு நான்கு தாள், மொத்தம் 400 மதிப்பெண். எனக்கு 212 வந்தது. தேர்ச்சிக்கு 200 போதும். ஆனாலும் ஃபெயில், ஏனென்றால் சட்டத் தாளில் 38. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பில் மொத்தம் பாதி, இரண்டும் வேண்டும். இன்று குரூப்புக்கு மூன்று தாள், 300-க்கு 150 என்று ஆகியிருக்கிறது. 40 மட்டும் மாறவில்லை.

கட்டணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். கடைசிக் கேள்வி பாதியில் நின்றிருந்தது. அதற்கு முந்தைய பதில்கள் பலவற்றில் முடிவை மட்டும் எழுதியிருந்தேன், "இந்த ஒப்பந்தம் செல்லாது" என்று ஒரே வரியில். ஏன் செல்லாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தாள் திருத்தியவருக்கு அது எப்படித் தெரியும்? தேர்வுக்கு முந்தைய ஏழு மாதமும் தினம் ஆறு மணி நேரம் படித்தவள் நான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு முழுத் தாளை எழுதிப் பார்த்தது ஒருமுறைகூட இல்லை.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: படிக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். பாடம் முழுவதும் முடிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பாடம் முழுவதும் முடிந்த நாள் என்று ஒன்று எனக்கு வந்ததே இல்லை. ஒரு அத்தியாயம் முடிந்ததும் அன்று மாலையே நான்கு கேள்வி, புத்தகத்தை மூடிவைத்து எழுதுங்கள்.

சட்டத் தாளுக்குப் பதில் எழுதும் முறையை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். 2,400 உறுப்பினர்கள் உள்ள ஒரு பப்ளிக் கம்பெனியின் பொதுக்கூட்டத்துக்கு 12 பேர் நேரில் வந்தார்கள். கூட்டம் செல்லுமா? "செல்லாது, கோரம் இல்லை" என்று எழுதினால் ஒன்றோ இரண்டோ மதிப்பெண் கிடைக்கும். கோரம் என்றால் கூட்டம் நடக்கக் குறைந்தபட்சம் வர வேண்டிய ஆட்கள். முதல் பத்தியில் சட்டம் சொல்வதை எழுதுங்கள்: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 103-ன்படி, ஆர்ட்டிகிள்ஸ் (கம்பெனியின் உள்விதிகள்) அதிக எண்ணிக்கை கேட்காவிட்டால், உறுப்பினர்கள் 1,000 வரை இருந்தால் 5 பேர், 5,000 வரை 15 பேர், அதற்கு மேல் 30 பேர் நேரில் இருக்க வேண்டும். இரண்டாவது பத்தியில் கேள்வியில் உள்ள 2,400-ஐயும் 12-ஐயும் எடுத்து அந்த விதியோடு பொருத்துங்கள்: தேவை 15, வந்தது 12. மூன்றாவதில் முடிவு: குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால், கூட்டம் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும். தேர்வை நடத்தும் சி.ஏ. இன்ஸ்டிடியூட் வெளியிடும் சஜஸ்டட் ஆன்சர்ஸ் (மாதிரி விடைகள்) எதைத் திறந்தாலும் பெரும்பாலும் இந்த வரிசைதான் இருக்கும். பிரிவு எண் உறுதியாக நினைவில்லையா? "கம்பெனிகள் சட்டத்தின்படி" என்று எழுதிவிட்டுப் போங்கள். தவறான எண்ணைப் போடாதீர்கள்.

நான் திருமங்கலத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். என்னைப் போல் வந்தவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்கு இதுதான் கைகொடுத்தது. ஒரு பிரிவைப் படித்ததும் அதை அம்மாவிடம் தமிழில் சொல்லுவேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். அவருக்குப் புரிந்துவிட்டால் எனக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதையே ஆங்கிலத்தில் மூன்று சின்ன வாக்கியமாக எழுதுவேன். நீள வாக்கியத்துக்குப் போனால்தான் இலக்கணம் தடுக்கும். ஆனால் "பர்சனலி பிரசென்ட்" (நேரில் இருப்பது), "ஸ்டாண்ட் அட்ஜர்ன்ட்" (கூட்டம் தள்ளிப்போவது) போன்ற சட்டத்தின் சொற்களை மாற்றாமல் அப்படியே மனப்பாடம் செய்தேன். ஒரு பிரிவுக்கு இரண்டு மூன்று சொல் போதும்.

நேரக் கணக்கு எளிது. 180 நிமிடம், 100 மதிப்பெண், ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். இன்று 30 மதிப்பெண் எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்து வட்டத்தை நிரப்பும் கேள்விகள்), 70 மதிப்பெண் விரித்து எழுதுவது. பெரும்பாலான தாள்களில் 14 மதிப்பெண் கேள்விகள் ஐந்து எழுத வேண்டும், ஒன்றுக்கு 25 நிமிடம். வீட்டில் சமையலறை டைமரை 25-க்குத் திருப்பி வைத்து எழுதுங்கள். மணி அடித்ததும் பேனாவை நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்றாலும் அப்படித்தான். ஒர்க்கிங் நோட்ஸ் (கணக்குப் போட்ட வழி) தெளிவாக இருந்தால் படிப்படியாக மதிப்பெண் விழும். 600 ரூபாய் வித்தியாசத்தைத் தேடி அடுத்த கேள்வியின் 14-ஐ இழக்காதீர்கள். எம்.சி.க்யூ.வுக்கு இன்டரில் நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் ஒரு வட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

வரித் தாளுக்கு அண்ணன் அக்கா படித்த புத்தகத்தை வாங்கிப் படிப்பது ஆபத்து. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். ஜி.எஸ்.டி. விகிதங்கள் 2025 செப்டம்பர் 22-ல் மாறின. உங்கள் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் பொருந்தும் என்று இன்ஸ்டிடியூட் அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு அப்புறம் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் இன்ஸ்டிடியூட் வெளியிடும் ஆர்.டி.பி.யும் (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்) மாக் டெஸ்ட் தாள்களும் இணையதளத்தில் இலவசம். ஆர்.டி.பி.யில் திருத்தங்கள் வரும் பகுதியை விடவே கூடாது.

ரிவிஷனை ஒன்றரை நாள் கணக்கில் திட்டமிடுங்கள். பெரும்பாலும் இரண்டு தாளுக்கு நடுவே ஒரு நாள்தான் இடைவெளி. அந்த ஒன்றரை நாளில் புரட்டி முடிக்க முடியாத நோட்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படாது. நான் ஒரு தாளுக்கு ஒரு நீள நோட்டு மட்டும் வைத்திருந்தேன். அதில் பாடம் இல்லை, நான் தவறு செய்த கணக்குகளும் மறந்துபோகும் வரம்புகளும் மட்டும்.

ஒரு தாளில் 60 எடுத்தால் குரூப்பில் ஃபெயில் ஆனாலும் அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம் என்று விலக்கு கிடைக்கும். எனக்குக் கணக்கியலில் 67 வந்து விலக்கு கிடைத்தது. ஆனால் 60-க்காக ஒரே தாளில் உழைத்து மற்றதைக் கைவிட்டால் என் 38 போல ஆகிவிடும். பலவீனமான தாளை முதலில் 50-க்குக் கொண்டுவாருங்கள்.

ஃபைனலுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். இரண்டு வருட ஆர்டிகிள்ஷிப்பில் (ஆடிட்டர் ஆபீஸில் பெறும் பயிற்சி) ஆபீஸ் வேலை வேறு, படிப்பு வேறு என்று பிரிக்காதீர்கள். பாக்கிதாரர்களுக்கு, பாக்கித் தொகை சரியா என்று கேட்கும் கன்ஃபர்மேஷன் லெட்டர் அனுப்பிய அன்று இரவே அதற்கான தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 505-ஐப் படித்தேன். பதில் வராத பாக்கிக்கு என்ன செய்வது என்று அதன்பின் ஒருபோதும் மறக்கவில்லை.

தேர்வு நாளில் 1.45-க்குக் கேள்வித்தாள் கையில் வரும், 2 மணிக்குத்தான் எழுத வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் விடப்போகும் கேள்வி எது என்று முடிவு செய்யுங்கள், பிறகு அதைத் திரும்பிப் பார்க்காதீர்கள். 5 மணிக்கு வெளியே வந்ததும் வாசலில் நின்று விடை ஒப்பிட வேண்டாம். 2015 மே மாதம் மறுபடி எழுதியபோது நான் நேரே மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஏழு மணிக்கு வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அடுத்த தாளின் நீள நோட்டைத் திறந்தேன்.