ஒரு துட்டு கொடுப்பது எப்படி

சபைக்குக் காணிக்கை கொடுக்க முதலில் ஒரு டப்பா வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது மூடி நெளிந்த பழைய பால்பவுடர் டப்பா. தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் அரிசி மூட்டை, கிரைண்டர், இட்லிக் கொப்பரை, நாங்கள் நாலு பேர் எல்லாம் போக மிச்சமிருக்கும் மூலையில் அது உட்கார்ந்திருக்கும். சோற்றுக்கு அரிசி அளந்து போட்டதும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுங்கள்.

மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்தால் கணக்கு சரியாகத்தான் வரும், ஆனால் சோறு குறையாது. அளந்த அரிசியிலிருந்து எடுத்தால் பானையில் குறையும். அந்தக் குறைச்சலுக்குத்தான் காணிக்கை என்று பெயர். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேலே தேறும். எங்கள் சபையில் பெண்கள் சங்கம் அதை வாங்கி விற்று, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அங்கே சேர்க்கிறது.

இது என் யோசனை இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம் எங்கள் ஊரில் அம்மா செய்தது. பிடி அரிசி என்பார்கள். 1903ல், பின்னாளில் பேராயரான அசரியாவும் அவருடைய கூட்டாளிகளும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஜனங்கள் கொடுத்ததை வைத்தே தெலுங்கு நாட்டில் டோர்னக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். மிசோரம் சபைகளிலும் இந்தப் பிடி அரிசி உண்டு.

ஆனால் அம்மா செய்ததில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அப்பா தட்டு குறையவில்லை, எங்கள் தட்டும் குறையவில்லை. அம்மா கடைசியாகச் சாப்பிடுவாள். அந்தப் பிடி முழுக்க அவள் தட்டிலிருந்து போயிருக்கிறது, யாருக்கும் தெரியாமல். அதனால் டப்பா வைக்கும் முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தன் வாயைக் கட்டலாம், அடுத்தவர் வாயைக் கட்டி ஆண்டவருக்குக் கொடுக்கக்கூடாது. அப்பா அம்மாவுக்குச் சேர வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கண்டித்தது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது.

அடுத்தது, எவ்வளவு? ஏழை விதவை “ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப்” போட்டாள் என்று மாற்கு 12ல் வாசிக்கிறோம். அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஒரு தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு. அதில் 64ல் ஒரு பங்குதான் அந்தத் துட்டு. இன்றைக்கு ஒருவருக்கு நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்தால், பத்து ரூபாய். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்துக்குப் பின்னால் அவளிடம் வேறு எதுவும் இல்லை. எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பெரிய காசு விழுந்தால் என்ன சத்தம் கேட்டிருக்கும்! இவள் போட்டது கேட்டே இருக்காது.

அதற்கு இரண்டு வசனம் முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். இல்லாதவரிடம் வசூல் பண்ண இந்தக் கதையை எடுத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

சத்தம் என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் சபையில் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்ததை ஏலம் விடுவார்கள். அதில் ஒரு பூசணிக்காய். ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தது. என் ஓர்ப்படி நூறு என்றாள், நான் இருநூறு என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்க்க, 1,800 ரூபாயில் காய் எனக்கு வந்தது, கைதட்டலும்தான். அந்தப் பணம் அரிசிக் கடைக்குக் கொடுக்க வைத்திருந்தது. மூன்று வாரம் கடைக்காரர் கண்ணில் படாமல் பின்சந்து வழியாக நடந்தேன். யோசித்தால், அன்றைக்குக் காணிக்கை கொடுத்தது நான் இல்லை, அவர். பலிபீடம் கட்டக் களத்தைச் சும்மாவே தருகிறேன் என்று அர்வனா என்பவன் சொன்னபோது, செலவில்லாததை ஆண்டவருக்குக் கொடுக்கமாட்டேன் என்று தாவீது ராஜா ஒத்துக்கொள்ளாமல் ஐம்பது சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தானே, அந்த வேதபாகத்தை அடுத்த வாரமே ஆராதனையில் வாசித்தார்கள். தலை நிமிரவில்லை. கடன் இருந்தால் முதலில் கடனை அடையுங்கள்.

பெயர் வேண்டாம் என்றால் ரொக்கமாகக் காணிக்கைப் பையில் போடுங்கள். க்யூஆர் கோடில் அனுப்பினால் பெயர் தெரிந்துவிடும். நன்றி சொல்லிக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயர் எழுதினால் போதகர் வாசிப்பார். வாசிக்கும்போது காது கூர்மையாகிறதா என்று நீங்களே பாருங்கள். எனக்கு ஆனது.

சாப்பாடு கொடுக்கிறவர்களுக்கு: நான் இட்லிக்காரி, அதனால் இதை அடித்துச் சொல்வேன். கூடையில் விற்காமல் மிஞ்சியதை ராத்திரி கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அதில் நமக்கு ஒன்றும் போகவில்லை. முதல் ஈடு வெந்து இறங்கும்போது, ஆவி பறக்க, அதில் எட்டு இட்லியைத் தனியே எடுத்து வையுங்கள். கை கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும்.

கொடுக்கும் முன் கேளுங்கள். சயானில் லோக்கல் ஏறிப் பரேலில் இறங்கி, டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி வெளியே நடைபாதையில் தங்கியிருந்த ஒரு பீகார்க்காரம்மாவிடம் இட்லிப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காலையிலிருந்து மூன்று பேர் சாப்பாடு தந்துவிட்டார்களாம். “துணி துவைக்க சோப்பு இருக்கா?” என்று இந்தியில் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் விடியுமுன் எழுந்து அவித்தது அவருக்கு எப்படித் தெரியும்? எதிர்க்கடைக்குப் போய் இரண்டு சோப்பு வாங்கிக் கொடுத்தேன். இருபது ரூபாய். இட்லியை வீட்டுக்கே கொண்டுவந்தேன். இப்போது போனால் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். போட்டோ எடுப்பதில்லை, ஜெபம் பண்ணட்டுமா என்று அவர்களைக் கேட்காமல் ஆரம்பிப்பதும் இல்லை.

போன மாதம் ஒரு நாள், நான் டப்பாவில் போட்ட பிடியை என் மகள் எடுத்துச் சட்டியில் திரும்பப் போட்டாள். “இன்னைக்கு வேண்டாம்மா, தம்பிக்கு நாளைக்குப் பரீட்சை, ராத்திரி பசிக்கும்.” நான் ஒன்றும் சொல்லவில்லை. அரிசியைக் களைந்து உலை வைத்தேன். மறுநாள் காலையில் அவளே இரண்டு பிடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.