வெளிநாட்டில் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு

விசா, டிக்கெட், பெட்டி எல்லாவற்றுக்கும் தயாராகிறவர்கள்கூட இரண்டாவது மாதத்துக்குத் தயாராவதில்லை. புது ஊரின் பரபரப்பு அடங்கி, வகுப்பு கனக்கத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

முதலில் காகித வேலை. புறப்படுவதற்கு நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் கேட்பார்கள், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று உங்கள் நாட்டு அரசு வெளிநாட்டுக்காக வைக்கும் முத்திரை. 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை உங்கள் நாட்டுக்கும் நீங்கள் போகும் நாட்டுக்கும் இடையே நடைமுறையில் இருந்தால் அந்த ஒரு முத்திரை போதும். இல்லாவிட்டால் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும், அதற்குக் கூடுதலாகச் சில வாரம் ஆகும். காவல்துறைச் சான்றிதழைக் கடைசியில் வாங்குங்கள். பல நாடுகள் சில மாதங்களுக்குள் வாங்கியதை மட்டுமே ஏற்கும் என்பதால், முந்திக்கொண்டு வாங்கியவர்கள் இரண்டாம் முறை அலைகிறார்கள். பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'வாரம் 25 மணி நேரம்' என்று இருந்தால், அது வகுப்பில் நிற்கும் நேரமா, பள்ளியில் இருக்க வேண்டிய மொத்த நேரமா என்று எழுத்திலேயே கேளுங்கள். 25 மணி நேரமும் பாடம் என்றால், தயாரிப்பும் திருத்தலும் சேர்ந்து 40-ஐத் தொடும். காப்பீடு எந்தத் தேதியில் தொடங்கும், வாடகை முன்பணம் யார் தருவது, வேலையை விட எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள். 'சுற்றுலா விசாவில் வந்து சேருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொன்னால் போகாதீர்கள். பிடிபட்டால் சிக்குவது நீங்கள்தான். மூன்று மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும், முன்பணமும் வாடகையும் முதல் வாரமே போய்விடும்.

இனி வகுப்பு. வேறு தாய்மொழி பேசும் மாணவர்களிடம் 'புரிந்ததா?' என்று கேட்டுப் பயனில்லை. புரியாதவர்களும் தலையாட்டுவார்கள், ஆசிரியரிடம் 'புரியவில்லை' என்பதை மரியாதைக்குறைவாக நினைக்கும் மாணவர்களும் உண்டு. இப்படிச் செய்து பாருங்கள். பயிற்சித்தாளை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டால் எல்லாத் தலையும் குனிந்துவிடும், நீங்கள் சொல்வது காதில் ஏறாது. தாளை உயர்த்திக் காட்டி மூன்று சின்ன வாக்கியம் சொல்லுங்கள்: 'இருவர் இருவராக. முதல் ஐந்து கேள்வி மட்டும். பத்து நிமிடம்.' உடனே திருப்பிக் கேளுங்கள்: 'எத்தனை கேள்வி? தனியாகவா, இருவராகவா?' சரியான பதில் வந்த பிறகு தாளைக் கொடுங்கள்.

அடுத்தது மௌனம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புப் பதிவுகளைக் கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது. அந்நிய மொழியில் கேள்வியைப் புரிந்து, பதில் யோசித்து, சொல் தேட வேண்டிய மாணவருக்கு அதுவும் போதாது. மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். முதல் வாரம் அந்த ஏழும் யுகமாகத் தெரியும். கேள்வியை மாற்றிக் கேட்டோ நீங்களே பதில் சொல்லியோ அந்த இடைவெளியை நிரப்பிவிடாதீர்கள்.

ஆசிரியராக உங்களை அதிகம் வளர்ப்பது வகுப்புக்கு வெளியே நீங்கள் படும் பாடு. மின்கட்டண ரசீதைப் படிக்கத் தெரியாது. கடைக்காரர் வேகமாகக் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு வேண்டாத பொருளோடு வீடு திரும்புவீர்கள். உங்கள் மாணவர் தினமும் வகுப்பில் இருக்கும் நிலை இதுதான். அதனால் முதல் மாதமே உள்ளூர் மொழி வகுப்பில் சேருங்கள், வாரம் இரண்டு முறையாவது. அங்கே எந்த இடத்தில் பாடம் கைவிட்டுப் போனது, ஆசிரியர் வேகமாகப் பேசியதாலா, பலகையில் எழுதாததாலா என்று குறித்துவைத்து, மறுநாள் உங்கள் வகுப்பில் அதைத் திருத்துங்கள். எந்தப் பயிற்சிப் பட்டறையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லித்தராது.

தனிமை வரும். கலாச்சார அதிர்ச்சியைப் பற்றி 1960-இல் எழுதிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க், மயக்கம், நெருக்கடி, மீட்சி, இசைவு என்று நான்கு கட்டம் சொன்னார். எல்லோருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே முதல் வாரமே அழுகை வந்தாலும் உங்களிடம் கோளாறு என்று எண்ண வேண்டாம். பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்துக்கு வாரந்தோறும் ஒரே நாள், ஒரே நேரத்தில் போங்கள். நூலகமோ விளையாட்டுக் குழுவோ, முகங்கள் பழகினால் போதும். வீட்டுக்குப் பேச நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மாலை முழுவதும் தொலைபேசியிலேயே கழிந்தால் அங்கே யாருமே பழக்கமாக மாட்டார்கள்.

ராஜினாமா எண்ணம் வந்தால் தேதியும் காரணமும் எழுதிவைத்து, ஆறு வாரம் கழித்துப் படித்து முடிவெடுங்கள். சம்பளம் வராவிட்டாலோ பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலோ ஆறு வாரக் கணக்கு கிடையாது. அன்றே உங்கள் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். நடத்திய பாடம், மாணவர் வயது, வார மணிநேரம், தொடக்க–முடிவுத் தேதிகள், முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாடு திரும்பியபின் மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது மிகவும் கடினம்.