பழைய செதுக்கச்சுப் படத்தில் இருக்கும் வாள் எந்த ஊர் வாள்? கண்டுபிடிக்கும் வழி

தலைப்பாகை, நரைத்த தாடி, இடுப்புக் கச்சையில் வளைந்த வாள், அடியில் பிரெஞ்சில் 'அரபு வீரன்' என்று ஒரு வரி. பழைய புத்தகக் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் இப்படிப்பட்ட ஒற்றைத் தாள்கள், அதாவது தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்கி அச்சடித்த செதுக்கச்சுப் படங்கள், நிறையக் கிடைக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் எகிப்து, துருக்கி, மொராக்கோ பக்கம் போய்வந்த ஐரோப்பியர்கள் வரைந்தவை. போகாமலே வரைந்தவர்களும் உண்டு.

நான் முதலில் வாங்கிய தாளை 'எஃகுச் செதுக்கச்சு, 1840' என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படம் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளி. பழைய செய்தித்தாள் படங்களில் பார்ப்போமே, அதே புள்ளி. 1880-களில்தான் அது புழக்கத்துக்கு வந்தது. போன காசு போனதுதான். அன்றிலிருந்து வாளைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, டார்ச், கேமரா உள்ள கைப்பேசி.

படி 1: கோடுகளைப் பாருங்கள்

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பள்ளம் தெரிந்தால் அது உலோகத் தகட்டின் தடம். ஓரம் வெட்டப்பட்ட தாளில் இது இருக்காது, அதனால் தடம் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தகட்டுப் படத்தில் கோடுகள் மெலிந்து, தடித்து, மறுபடி மெலியும். மை தாளின் மேல் லேசாகப் புடைத்திருக்கும். செப்புத் தகடு சீக்கிரம் தேயும் என்பதால் 1820-களிலிருந்து எஃகுத் தகடு பரவியது. எஃகின் கோடுகள் மயிரிழைபோல் நெருக்கமாக இருக்கும், படமே சாம்பல் பூத்தாற்போல் தெரியும்.

வானத்தில் இம்மியும் பிசகாத நேர்க்கோடுகள் இருந்தால் எந்திரத்தால் இழுத்தவை. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன அறிஞர்களின் 'எகிப்து விவரணம்' 1809 முதல் வெளியானது. அதன் தகடுகளுக்காகவே இப்படி ஒரு எந்திரத்தைச் செய்தவர் நிக்கோலா-ஜாக் கோன்டே. ஓவியர்கள் கையில் இருக்கும் கோன்டே கரிக்கோலும் அவர் பெயரில் வந்ததுதான்.

தாளைத் திருப்புங்கள். பின்பக்கம் அச்செழுத்து இருந்தால் அநேகமாக அது பத்திரிகையிலிருந்து வெட்டிய மரச்செதுக்கு. மரக்கட்டையை எழுத்தோடு சேர்த்தே அச்சடிக்கலாம். அதனால்தான் 1842-இல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' போன்ற பத்திரிகைகளுக்கு அது தோதாக இருந்தது. பெரிய படத்துக்குப் பல கட்டைகளை ஒன்றாக முடுக்குவார்கள். இணைப்பு சரியாக உட்காராத இடத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு வானத்தையோ வாளையோ குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடிக்கும்.

கோடே இல்லாமல் பென்சில் தேய்த்ததுபோல் சொரசொரப்பாக இருந்தால் அது கல்லச்சு, செதுக்காமல் கல்லின் மேல் வரைந்து அச்சடித்தது. ஓவியர் டேவிட் ராபர்ட்ஸின் எகிப்து, பாலஸ்தீனக் காட்சிகள் 1840-களில் வந்தது இப்படித்தான். கடைக்காரர்கள் இதையும் செதுக்கச்சு என்றே சொல்வார்கள்.

படி 2: ஓரத்து எழுத்து

படத்துக்குக் கீழே இடது மூலையில் வரைந்தவர் பெயர், வலது மூலையில் செதுக்கியவர் பெயர். பெயரை ஒட்டி 'டெல்' (del.) என்றால் வரைந்தவர், 'ஸ்கல்ப்' (sculp.) என்றால் செதுக்கியவர், 'பிங்ஸ்' (pinx.) என்றால் மூல ஓவியத்தைத் தீட்டியவர். 'பிங்ஸ்' கண்ணில் பட்டால் நீங்கள் பார்ப்பது ஓவியத்தின் நகல்.

படி 3: இடமா, வலமா?

தொடக்கக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தகட்டிலோ கட்டையிலோ செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். செதுக்குபவர் மூலத்தைத் திருப்பி வரையாமல் அப்படியே பார்த்துச் செதுக்கியிருந்தால் வீரன் இடக்கையனாகிவிடுவான். வாள் வலது இடுப்பில் தொங்குகிறதா? துப்பாக்கியின் சக்கிமுக்கிப் பொறி இடப்பக்கம் இருக்கிறதா? (வழக்கமாக அது வலப்பக்கம்தான்.) வாளில் அரபு எழுத்து இருந்தால் இன்னும் எளிது. கைப்பேசியில் படம் எடுத்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், எழுத்து நேரானால் விடை கிடைத்துவிட்டது. திருப்பியும் எழுத்தாகவே தெரியாவிட்டால், செதுக்கியவருக்கு அரபு தெரியாது, சும்மா சுழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

படி 4: சரி, இப்போது வாள்

உறையில் இருந்தாலும் கைப்பிடியும் வளைவும் நிறையச் சொல்லும்.

கைப்பிடி முனை இரண்டு காதுபோல் விரிந்து, கைக்காப்பு இல்லாமல், அலகு (வெட்டும் உலோகப் பகுதி) கூர்விளிம்பின் பக்கமாக உள்வளைந்திருந்தால் யதகான். ஒட்டோமான் ஆட்சியில் பால்கனிலும் அனத்தோலியாவிலும் பரவலாக இருந்தது. முனையை நெருங்கும்போது அலகு திடீரென்று அகன்றால் கிலிஜ், துருக்கியருடையது. அகலாமல் ஒல்லியாக, ஆழமாக வளைந்து போனால் ஈரானின் ஷம்ஷீர். வயிற்றுக்கு நேராகச் செருகிய வளைந்த குத்துவாள், உறையின் நுனி கொக்கிபோல் மேலே திரும்பியிருந்தால் யேமனின் ஜம்பியா. நேரான நீண்ட அலகும் ஊசி முனையும் மிருகத் தலைபோன்ற பிடியும் அல்ஜீரியாவின் கபீல் மக்களின் ஃப்ளிஸா.

அலகின் நீரோட்டக் கோலத்தை, அதாவது உருக்கின் மேல் நீர் ஓடினாற்போல் தெரியும் வரிகளை, இந்தப் படங்களில் தேடாதீர்கள். பெரும்பாலும் செதுக்குபவர்கள் அதை வெறும் நிழற்கோடாக்கிவிடுவார்கள். அந்தக் கோலம் விழும் உருக்குக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் கடல் கடந்து போயின என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஆற்றாமை உண்டு.

படி 5: உடையும் வாளும் ஒரே ஊரா?

ஓவியர்கள் பயணத்தில் வாங்கிவந்த துணிமணிகளையும் ஆயுதங்களையும் பாரிஸ் கூடத்தில் மாடலுக்கு மாட்டி வரைந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ழெரோம் வரைந்த 'பாஷி-பசூக்' அப்படி வந்ததுதான். சம்பளமில்லாமல் கொள்ளையை நம்பிப் போருக்குப் போன ஒழுங்கற்ற படைவீரன் அவன். உடுத்தியிருப்பதோ பளபளக்கும் பட்டு! ஆக, ஆளோடு வரும் ஆயுதத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

படி 6: குறிப்பு எழுதுங்கள்

தனி அட்டையில், பென்சிலால். என்னிடம் இப்போது இருக்கும் 'அரபு வீரன்' அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மரச்செதுக்கு. பின்பக்கம் பிரெஞ்சு அச்செழுத்து. கட்டை இணைப்புக்கோடு தோள் வழியாகப் போகிறது. துப்பாக்கிப் பொறி இடப்பக்கம், படம் இடவலம் மாறியது. உடை வட ஆப்பிரிக்கா. வாள் யதகான். அரபு வீரன் என்பது தலைப்பில் மட்டும்."