மாக்லின் மியூர் 1648: சண்டையை மேசையில் அமைப்பது எப்படி

இது மேசைப் போர் ஆட்டத்துக்கான குறிப்பு. முதலில் கட்சிகளைச் சரியாகப் பிரியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். 'அரசர் படை, பாராளுமன்றப் படை' என்று எழுதினால் ஆட்டமே தவறிவிடும். ஸ்காட்லாந்தின் மாக்லினில் மோதிய இரு தரப்பினரும் பிரெஸ்பிட்டீரியர்கள், அதாவது பிஷப்புகளின்றி மூப்பர்கள் நடத்தும் புராட்டஸ்டண்ட் திருச்சபையினர். 1647 டிசம்பரில் சார்லஸ் அரசரோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர்கள் எங்கேஜர்கள். அதில் அரசர் வாக்களித்தபடி இங்கிலாந்தில் 3 ஆண்டு மட்டும் பிரெஸ்பிட்டீரிய முறை என்பது போதாது என்று அதை மறுத்தவர்கள் கர்க் (ஸ்காட்லாந்துத் திருச்சபை) கட்சியினர்.

120 செ.மீ. சதுர அட்டை போதும். பழுப்பு வண்ணம் பூசி, ஆங்காங்கே சதுப்புத் திட்டுகள் ஒட்டுங்கள். அவற்றில் குதிரைக்குப் பாதி வேகம்.

கர்க் தரப்பில் ஏறத்தாழ 2,000 பேர். 100 பேருக்கு ஒரு துண்டு வைத்தால் 20 துண்டுகள். திருவிருந்து ஆராதனைக்கு ஆயுதத்தோடு கூடியவர்கள் இவர்கள், பயிற்சி பெற்ற படையல்ல. ஆகவே மன உறுதி மதிப்பெண்ணை உயர்வாகவும் அணிவகுப்பு மதிப்பெண்ணைத் தாழ்வாகவும் கொடுங்கள். இரண்டையும் உயர்த்தினால் எங்கேஜர் தளபதி மிடில்டனின் குதிரைப்படை வெல்லவே முடியாது. மிடில்டன் காயமடையும் வாய்ப்புக்கும் ஒரு பகடை வையுங்கள், உண்மையிலும் அவர் காயம்பட்டார். எங்கேஜர்களுக்கு உதவ வரும் காலண்டர் பிரபுவின் துணைப்படை தாமதமாகத்தான் மேசைக்கு வர வேண்டும். 5ஆம் சுற்று பொருத்தம்.

சீருடை நிறத்தை நம்பாதீர்கள். இரு தரப்பிலும் ஒரே நாட்டார், ஒரே மாதிரி நீலத் தொப்பி. துண்டுகளின் அடியில் நிறக்குறி இடுங்கள்.

தேதி அட்டையில் 12 ஜூன் 1648 என்றே எழுதுங்கள். அது அன்று அங்கு வழங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு. இன்றைய கணக்கில் 10 நாள் கூட்ட வேண்டும்.