ஹாம்ஸ்டருக்கு முடி கொட்டுகிறதா? இதைச் செய்யுங்கள்

முதுகிலும் பின்பக்கத்திலும் முடி கொட்டி, தோல் பொடுகு மாதிரி உதிர்ந்தால் டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணியாக இருக்கலாம். வெறும் கண்ணுக்குத் தெரியாது, மருத்துவர் தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகும். பெரும்பாலும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து கொடுப்பார்கள், ஆனால் 120 கிராம் உடம்புக்குக் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, அதனால் மருத்துவரிடம் கிளம்பும் முன் ஹாம்ஸ்டரைக் கிண்ணத்தில் உட்கார வைத்து சமையலறைத் தராசில் எடை பார்த்துக்கொள்ளுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தயவுசெய்து தடவாதீர்கள், உயிரே போகலாம். தண்ணீரில் குளிப்பாட்டவும் வேண்டாம்.

அப்புறம் கூண்டு. வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பழைய மரத்தூளைக் கொட்டிவிட்டு காகிதத் துண்டுகள் போடுங்கள்.

முடி முளைக்க ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வயதான ஹாம்ஸ்டர் என்றால் உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்றும் கட்டாயம் கேளுங்கள்.